கதிரொளி ஹைட்ரஜனும் கணிப்பொறியும்

ஒளியைக் கொண்டு நீரைப் பிரித்து ஹைட்ரஜன் பெறலாம் என்பதை 1972-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் புஜிஷிமாவும் ஹோண்டாவும் காட்டினர். அவர்கள் கையாண்ட டைட்டானியம் டை ஆக்ஸைடு, சூரிய ஒளியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே உள்ள புற ஊதாக் கதிர்களை மட்டுமே ஏற்கும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியையும் ஏற்கும் காட்மியம் சல்பைடோ, நீரில் ஒளி பட்டால் அரித்துப்போகிறது.

ஏற்ற குறைகடத்தியைத் தேடும் பணி பெங்களூரில், ஜக்கூரிலுள்ள ஜவாஹர்லால் நேரு ஆய்வு மையத்திலும் நடைபெறுகிறது. பொருளைச் செய்வோரும் அதன் எலெக்ட்ரான் அமைப்பைக் கணக்கிடுவோரும் அங்கே ஒரே வளாகத்தில் உள்ளனர். அந்நகரின் இந்திய அறிவியல் கழகத்தில் 2022-ல் நிறுவப்பட்ட ‘பரம் பிரவேகா’ கணிப்பொறி விநாடிக்கு 3,300 இலட்சம் கோடி கணக்குகள் செய்ய வல்லது.

இத்தனை வேகம் எதற்கு? நீரைப் பிரிக்கக் குறைந்தது 1.23 வோல்ட் வேண்டும். குறைகடத்தியின் ஆற்றல் நிலைகள் அதற்குப் பொருந்துமா என்பதைப் பொருளை மட்டும் ஆராய்ந்து அறிய இயலாது. பரப்பை ஒட்டிய நீர் மூலக்கூறுகள் எத்திசை நோக்கி நிற்கின்றன என்பதைப் பொறுத்தும் அந்நிலைகள் மாறும். நீரோ ஓயாது அசைவது. எனவே சில நூறு அணுக்களின் இயக்கத்தை, நொடியின் மிக நுண்ணிய பகுதிக்குக் கணக்கிடுவதே பெரும் வேலையாகிறது.

சிறந்த பொருளைக் கணிப்பொறியே கண்டெடுத்துத் தரும் என்பது மிகையான எதிர்பார்ப்பு. ஆகாதவற்றை முன்கூட்டியே கழித்துத் தருவதுதான் அதன் பயன். 2023-ல் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் 19,744 கோடி ரூபாயில் ஆராய்ச்சிக்கு உரியது 400 கோடியே என்னும்போது, அப்பயன் சிறிதன்று.