உங்கள் செல்போன் யாரை நம்புகிறது?

2001 பிப்ரவரி 28-ல் கோலார் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, அங்குள்ள மாரிகுப்பத்துக்காரர்கள் பலருக்குப் பிழைப்பு பெங்களூருவில்தான். கிளைப்பாதையின் கடைசி ஸ்டேஷனில் ரயில் ஏறி, பங்காருப்பேட்டை தாண்டுவதற்குள் பேங்க் பேலன்ஸ் பார்ப்பதும் கரண்ட் பில் கட்டுவதும் செல்போனிலேயே முடிந்துவிடும். பேங்க் பக்கம் திறக்கும் அந்த ஒரு நொடிக்குள், எதிரில் இருப்பது அசல் பேங்க்தானா என்று போன் சோதித்துவிடுகிறது. சோதிக்க அது கேட்பது டிஜிட்டல் சான்றிதழ்.

தங்கம் தோண்டிய ஊருக்கு ஹால்மார்க்கைச் சொன்னாலே விளங்கிவிடும். நகைக்கு முத்திரை போடுவது சோதனை மையம். அந்த மையத்துக்கு அங்கீகாரம் தருவது இந்திய தர நிர்ணய அமைவனம். அதேபோல ஓர் இணையதளத்துக்குச் சான்றிதழ் தருவது ஒரு சான்றளிப்பு நிறுவனம். அந்த நிறுவனத்துக்குப் பொறுப்பேற்பது அதற்கும் மேலே உள்ள மூலச் சான்றிதழ். நூற்றுக்கும் மேற்பட்ட மூலச் சான்றிதழ்கள் போன் வாங்கும்போதே உள்ளே இருக்கும். தளம் காட்டும் சான்றிதழில் உள்ள பெயர், காலாவதித் தேதி, டிஜிட்டல் கையொப்பம் மூன்றும் சரியாக இருந்து, கையொப்பச் சங்கிலி அந்த மூலங்களில் ஒன்றில் போய் முடிந்தால்தான் போன் ஏற்றுக்கொள்ளும். போனில் தேதி தப்பாக இருந்தால் நல்ல தளங்கள்கூட எச்சரிக்கை காட்டுவது இதனால்தான். முதலில் தேதியைச் சரிசெய்து பாருங்கள்.

முத்திரை போடுகிற இடத்திலேயே கோளாறு வந்தால்? நம் நாட்டிலேயே நடந்தது. 2014 ஜூலை 2-ல், தான் கேட்காத சான்றிதழ்கள் தன் தளங்களின் பெயரில் இருப்பதை கூகுள் கண்டுபிடித்தது. அவற்றை வழங்கியது மத்திய அரசின் தேசிய தகவலியல் மையம். அப்படிப்பட்ட சான்றிதழ் கையில் இருப்பவர், கூகுள் போலவே நடித்து நடுவில் நின்று மற்றவர்களின் தகவல்களைப் படித்துவிட முடியும். மறுநாளே, மேலதிகாரம் கொண்ட சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் அந்த மையத்தின் சான்றிதழ்களை ரத்து செய்தது. அந்த அலுவலகத்தின் மூலச் சான்றிதழ் விண்டோஸ் பட்டியலில் இருந்ததால் ஆபத்து விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்குத்தான். ஆண்ட்ராய்டு, ஐபோன் பட்டியல்களில் அது இல்லாததால் அந்தச் செல்போன்கள் தப்பின. ஒரு போனின் பாதுகாப்பு அதன் நம்பிக்கைப் பட்டியலைப் பொறுத்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

அந்தப் பட்டியலை நீங்களும் பார்க்கலாம். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், செக்யூரிட்டி, அதில் ‘என்கிரிப்ஷன் அண்ட் கிரெடென்ஷியல்ஸ்’, பிறகு ‘டிரஸ்டட் கிரெடென்ஷியல்ஸ்’. கம்பெனிக்குக் கம்பெனி பெயர் கொஞ்சம் மாறும். செட்டிங்ஸ் தேடலில் ‘கிரெடென்ஷியல்’ என்று அடித்தால் வந்துவிடும். ‘சிஸ்டம்’ பகுதி போனோடு வந்தது. அதில் கை வைக்க வேண்டாம். பார்க்க வேண்டியது ‘யூசர்’ பகுதி. பெரும்பாலானோருக்கு அது காலியாகத்தான் இருக்கும். ஏதாவது இருந்தால், அது பிறகு யாரோ ஏற்றியது. வேலை செய்யும் கம்பெனி தன் வைஃபைக்காக ஏற்றியிருக்கலாம்; அப்படியானால் அந்த வைஃபையில் நீங்கள் பார்ப்பதை அவர்களும் பார்க்க வழி உண்டு. யார் ஏற்றியது என்று தெரியாவிட்டால், அதைத் தட்டித் திறந்து நீக்கிவிடுங்கள். அதற்குப் பதிலாக ‘கிளியர் கிரெடென்ஷியல்ஸ்’ அழுத்தினால் ஆபீஸ் வைஃபை, விபிஎன் சான்றிதழ்களும் சேர்ந்து போய்விடும். ஐபோனில் ‘ஜெனரல்’ பகுதியின் ‘அபவுட்’ கடைசியில் ‘சர்டிபிகேட் டிரஸ்ட் செட்டிங்ஸ்’ இருக்கும்.

2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், இப்படிப் பிறகு ஏற்றிய சான்றிதழ்களைச் செயலிகள் தாமாக நம்புவதில்லை. ஆனால் குரோம் பிரவுசர் நம்பும். ஆகவே இலவச வைஃபைக்காகவோ, ‘கஸ்டமர் கேர்’ என்று போனில் பேசுபவர் சொன்னார் என்பதற்காகவோ சான்றிதழ் ஏற்றாதீர்கள்.

இன்னொன்று: சான்றிதழ் சரியாக இருக்கிறது என்றால், முகவரியில் உள்ள பெயருக்கு உரிய தளம் அதுதான் என்று மட்டுமே பொருள், தளத்தை நடத்துபவர் யோக்கியரா என்று அது சொல்லாது. ஏமாற்றுத் தளத்துக்கும் இலவசமாகச் சான்றிதழ் கிடைக்கிறது. பாஸ்வேர்டு போடும் முன் முகவரியை எழுத்தெழுத்தாகப் படிக்கும் வேலை நம்முடையது. செல்போன் அதைச் செய்யாது.