ஒப்புதல் யாருடையது?

மாஹிம், தாராவி, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், தமிழ் மட்டுமே அறிந்த முதியோர் பலர் உள்ளனர். மாஹிமில் உள்ள இந்துஜா மருத்துவமனைக்கோ சயான் மாநகராட்சி மருத்துவமனைக்கோ அவர்கள் செல்லும்போது, மருத்துவர் இந்தியிலோ மராத்தியிலோ கூறுவதைத் தமிழில் எடுத்துரைப்போர் சில வேளைகளில் பேரப்பிள்ளைகளே. ஆகவே, 'ஒப்புதல்' என்னும் சொல்லின் முழுப்பொருளை நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

அறுவை மருத்துவத்திற்கு முன்னர் நோயாளியிடம் கையொப்பம் பெறுவர். கையொப்பம் மட்டும் ஒப்புதல் ஆகாது. செய்யப்போகும் மருத்துவம் யாது, அதன் பயனும் இடரும் யாவை, மாற்றுவழி உண்டா, மறுத்தால் என்ன நேரும் என்பவற்றை அறிந்தபின், தாமே விரும்பித் தரும் இசைவே ஒப்புதலாகும்.

1995ஆம் ஆண்டு தில்லியில் சமீரா கோலி என்னும் பெண்மணிக்கு, ஆய்வு ஒன்றிற்காக மயக்க மருந்து தரப்பட்டது. அவர் மயக்கத்தில் இருந்தபோது, தாயாரிடம் இசைவு பெற்று, அவருடைய கருப்பையை அகற்றினர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2008ஆம் ஆண்டு சனவரி 16 அன்று தீர்ப்பு வந்தது. ஆய்வுக்குத் தந்த ஒப்புதல் அறுவைக்குத் தந்த ஒப்புதல் ஆகாது. உயிர்காக்கும் அவசரம் இல்லாதபோது, முடிவெடுக்கும் ஆற்றலுடைய வயதுவந்த ஒருவருக்காகப் பெற்ற தாயும் ஒப்புதல் தர இயலாது என்று நீதிமன்றம் உரைத்தது.

முடிவெடுக்கும் ஆற்றல் என்பது யாது? தகவலைப் புரிந்துகொள்ளுதல், விளைவை உணர்தல், பேச்சாலோ சைகையாலோ முடிவைத் தெரிவித்தல் ஆகியவற்றை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அளவுகோல்களாகக் கூறுகிறது. நோயாளிக்குப் புரியும் எளிய மொழியில் தகவல் தருதல் வேண்டும் என்றும், ஒருவரது முடிவு பிறருக்குத் தவறாகத் தோன்றுவதனாலேயே அவருக்கு ஆற்றல் இல்லை எனக் கொள்ளலாகாது என்றும் அச்சட்டம் வலியுறுத்துகிறது.

எனவே, மராத்தி அறியாத பாட்டி முடிவெடுக்க இயலாதவர் அல்லர். அவருக்குத் தேவை மொழித்துணையே. அத்துணையாக நிற்பவர் கூட்டியோ குறைத்தோ கூறலாகாது. பாட்டி அஞ்சுவாரே என்று இடரை மறைத்தால், அவர் இடும் கையொப்பம் வெறும் மையே. பொருள் விளங்காத சொல்லை ஊகித்துக் கூறாமல், மருத்துவரிடம் மீண்டும் கேளுங்கள். பின்னர், "உங்கள் விருப்பம் என்ன, பாட்டி?" என்று வினவி, அவர் விடையை அவ்வாறே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

அருஞ்சொற்பொருள்: இசைவு – சம்மதம், இடர் – துன்பம், ஆபத்து, யாது – எது, வினவி – கேட்டு.

சிந்தித்து எழுதுக: மொழிபெயர்ப்பவர் நோயாளிக்காக முடிவெடுக்கலாமா? காரணம் தருக.