முத்திரையிட்ட உறையில் மரணசாசனம்



குடும்பத் தலைவரின் அடக்க ஆராதனை முடிந்து ஒரு வாரம் கடக்குமுன்னே பல வீடுகளில் பீரோவைத் தேடும் வேலை தொடங்கிவிடுகிறது. "அப்பா உயில் எழுதி வைத்தேன் என்றாரே, எங்கே?" என்று வேதாகமத்தின் பக்கங்களையும், எல்.ஐ.சி. பாலிசிக் கட்டுகளையும், தகரப்பெட்டியையும் புரட்டுகிறார்கள். சில இல்லங்களில் அது கரையானுக்கு இரையாகியிருக்கும். சில இல்லங்களிலோ, பீரோவை முதலில் திறந்தவருக்கு அந்தக் காகிதம் பிடிக்காமற்போயிருக்கும்.

உயில் கிடைக்காவிட்டால் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே சொத்தைப் பங்கிடும். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாய்ப் போகும். திருவிதாங்கூரில் ஒரு காலத்தில் மகளுக்கு இந்தச் சமநிலை இல்லை. 1916-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, மகனின் பங்கில் நாலில் ஒன்று அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே அவளுக்கு உரியது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-ல் உச்சநீதிமன்றம் அந்நிலையை மாற்றியது. ஆயினும், மனைவி தன் மரணபரியந்தம் வீட்டில் நிம்மதியாய்க் குடியிருக்கவேண்டும், நோயுற்ற மகனுக்குச் சற்றுக் கூடுதலாய்க் கொடுக்கவேண்டும் என்று கணவன் நினைத்திருந்தால், அந்த எண்ணத்தை உயில் ஒன்றே நிறைவேற்றும். அது காணாமற்போனால் எண்ணமும் அதனோடே போய்விடும்.

நாம் உயில் என்பதை இங்குள்ள மலையாளிகள் வில்பத்திரம் என்றும் ஒஸ்யத்து என்றும் சொல்வார்கள். நம் வேதாகமம் மரணசாசனம் என்கிறது. பத்திரத்தைப் பத்திரமாய் வைப்பது புதிய காரியமல்ல. எரேமியா ஆனதோத்தில் நிலம் வாங்கியபோது, முத்திரைபோட்ட பத்திரத்தையும் திறந்த பிரதியையும் மண்பாண்டத்தில் வைக்கச் செய்தார் (எரேமியா 32). நமக்கோ அரசாங்கமே ஒரு பெட்டியை ஆயத்தமாக்கியிருக்கிறது. அதை அறிந்தவர்கள்தான் கொஞ்சம்.

1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 42-ஆம் பிரிவின்படி, உயில் எழுதியவர் தாமாகவோ, முறைப்படி அதிகாரம் பெற்ற முகவர் மூலமாகவோ அதை முத்திரையிட்ட உறையில் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். உறையின்மேல் தம் பெயரும், உள்ளே இருப்பது என்ன ஆவணம் என்பதும் எழுதப்பட்டிருக்கவேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்திற்கல்ல, மாவட்டப் பதிவாளரிடமே செல்லவேண்டும். கொண்டுவந்தவர் யார் என்று உறுதிசெய்தபின், மேலெழுத்தையும் நாளையும் மணிநேரத்தையும் அவர் ஐந்தாம் எண் புத்தகத்தில் பதிந்து, உறையைத் தீப்பிடிக்காத பெட்டியில் வைப்பார். உள்ளே எழுதியிருப்பதை ஒருவரும் வாசிப்பதில்லை.

உயிலைப் பதிவு செய்வது வேறு, இவ்வாறு ஒப்படைப்பது வேறு. பதிவு செய்தால் அதன் வாசகம் அலுவலகப் புத்தகத்தில் படியெடுக்கப்படும். ஒப்படைத்தாலோ உறை மூடியே இருக்கும். மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். மரணத்திற்குப்பின் ஒருவர் விண்ணப்பித்து, மரணம் நிகழ்ந்தது உறுதியானால், அவர் முன்னிலையில் உறை திறக்கப்பட்டு, அவர் செலவில் மூன்றாம் எண் புத்தகத்தில் நகலெடுக்கப்படும். மூலப்பத்திரம் மறுபடியும் பெட்டிக்கே செல்லும்.

இந்தப் பெட்டிக்கும் கிறிஸ்தவர்களுக்கும் ஒரு கசப்பான தொடர்பும் உண்டு. வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு, நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் சபைக்கோ தர்மத்திற்கோ உயில்மூலம் சொத்து கொடுப்பதானால், மரணத்திற்குப் பன்னிரண்டு மாதம் முன்னரே எழுதி, எழுதிய ஆறு மாதத்திற்குள் இப்படிப்பட்ட பாதுகாப்பில் ஒப்படைத்திருக்கவேண்டும் என்றது. மரணப்படுக்கையில் அநாதை இல்லத்திற்கு எழுதிக்கொடுத்தால் செல்லாது! இந்துக்களுக்கு இத்தடை இல்லை. கேரளத்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் குருவானவர் ஜான் வல்லமட்டம் இதை எதிர்த்துச் சென்றார். 2003 ஜூலை 21-ல் உச்சநீதிமன்றம், இப்பிரிவு அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவுக்கு முரணானது என்று தள்ளுபடி செய்தது. ஆகவே இன்று ஒப்படைப்பது முற்றிலும் நம் விருப்பம்.

பெட்டி உயிலைக் காக்குமேயன்றி, குறையுள்ள உயிலைச் செல்லத்தக்கதாக்காது. சாட்சிகள் இருவராவது கையெழுத்திடவேண்டும். சாட்சி போட்டவருக்கோ அவர் மனைவிக்கோ அல்லது கணவருக்கோ எழுதிய பங்கு, 67-ஆம் பிரிவின்படி செல்லாமற்போகும். ஊழியர்களும் இதைக் கவனிக்கவேண்டும். தமக்கோ தம் மனைவிக்கோ ஏதாகிலும் எழுதப்பட்டிருக்கும் உயிலில் போதகர் சாட்சியாகக் கையெழுத்திடுவது முறையல்ல. எழுதினவரின் நோக்கமும் வீணாகும். விசுவாசிகளின் உயில்களைப் போதகரே தம் வீட்டில் வாங்கி வைத்துக்கொள்வதையும் நான் ஆதரிப்பதில்லை.

நாகர்கோவிலிலும் திருநெல்வேலியிலும் பூர்வீக வீடும், சாலைக் கடைவீதியிலோ கரமனையிலோ புதிய வீடும் உடையவர்கள் நம்மில் அநேகர். சட்டம் எந்தப் பதிவாளரிடமும் ஒப்படைக்கலாம் என்கிறபடியால், இங்கே குடியிருப்பவர் ஊருக்குப் பயணப்படத் தேவையில்லை. ஆனால் பதிவாளர் தாமாக வாரிசுகளைத் தேடி வரமாட்டார். ஒருவர் விண்ணப்பித்தால்தான் உறை திறக்கப்படும். எந்த மாவட்டத்தில், எந்நாளில் ஒப்படைத்தீர்கள் என்பதை மனைவியும், உயிலில் நிறைவேற்றுபவராகக் குறிக்கப்பட்டவரும் அறிந்திருக்கும்படி எழுதிக் கொடுங்கள். உள்ளே இருப்பதைச் சொல்லவேண்டிய அவசியமில்லை.