கதைப் புத்தகத்தைப் பறிக்காதீர்கள்!



உங்கள் வீட்டில் 13, 14 வயதில் ஒரு பிள்ளை இருக்கிறதா? "கதை வாசித்தது போதும், பாடப் புத்தகத்தை எடு" என்று ஒரு நாளாவது அதட்டாத உம்மா நம்மில் யார்?

என் தங்கையின் மகளும் இந்த அதட்டலைக் கேட்டே வளர்ந்தவள். கல்வியியற் கல்லூரியில் தமிழ் ஆசிரியையாகப் பயிற்சி பெறுகிறாள். கற்பித்தற் பயிற்சிக்காக 9ஆம் தர வகுப்பொன்றுக்குச் சென்றபோது, இலக்கணமும் கட்டுரையும்தான் தமிழ்ப் பாடம் என்றே எண்ணியிருந்தாள். கதை சின்னப் பிள்ளைகளுக்குரியது என்பது அவள் நினைப்பு.

அந்த வகுப்பில் ஒரு மாணவன் வாய் திறப்பதில்லை, கொப்பியிலும் எழுதுவதில்லை. அவனுடைய உம்மா வெளிநாட்டில் வேலை செய்கிறார் என்பது மட்டும் இவளுக்குத் தெரியும்.

இளையோர் நாவல் ஒன்றை வகுப்பில் அறிமுகம் செய்யவேண்டும் என்று கல்லூரியில் ஓர் ஒப்படை கொடுத்தார்கள். மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் எழுதிய 'மடொல்தூவ' நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பை இவள் தெரிவு செய்தாள். சிறுவயதில் தாயை இழந்த உபாலி, தோழன் ஜின்னாவுடன் வீட்டை விட்டு ஓடி, ஆளில்லாத தீவொன்றில் பயிர் செய்து வாழும் கதை அது. பாடம் முடியும் நேரத்தில் தினமும் சில பக்கங்கள் வாசித்தாள்.

ஒரு நாள், "உபாலி ஏன் ஓடிப்போனான்?" என்று கேட்டாள். அந்த மாணவன் கை உயர்த்தினான்.

"வீட்டில அவனுக்குக் கதைக்க யாருமில்ல, டீச்சர்."

மறுநாள் அவன் கொப்பியில் ஒரு பக்கம் எழுதப்பட்டிருந்தது. என்ன எழுதியிருந்தான் என்று கேட்டேன். "அது அமானிதம், பெரியம்மா" என்றாள். ஆசிரியையாகிவிட்டாள் என்று மனம் குளிர்ந்தேன்.

சகோதரிகளே! கட்டிளமைப் பருவத்துப் பிள்ளையிடம், "உனக்கு என்ன கவலை?" என்று நேராகக் கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். ஆனால் கதையில் வரும் ஒருவனின் கவலையைப் பற்றித் தாராளமாகப் பேசும். அமெரிக்காவில் ஹின்டன் என்ற மாணவி, தன் வயதினரின் உண்மை வாழ்வைச் சொல்லும் நூல்கள் கிடைக்காததால், 15 வயதில் தானே ஒரு நாவல் எழுதத் தொடங்கினார். 1967இல் 'தி அவுட்சைடர்ஸ்' என்ற பெயரில் அது வெளிவந்தபோது அவருக்கு 18 வயது. இளையோர் இலக்கியம் ஒரு தனித் துறையாக வளர அந்நூல் பெரிதும் உதவியது.

நமக்கு இது புதிதா என்ன? சகோதரர்களால் கிணற்றில் போடப்பட்ட யூஸுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றைத் திருமறையின் 12வது அத்தியாயம் விரிவாகக் கூறுகிறதே! பொறாமை, பிரிவு, சோதனை, பொறுமை, மன்னிப்பு எல்லாம் அதில் இருக்கின்றன.

எல்லாக் கதைகளும் நல்லவையல்ல என்பது உண்மை. ஆகவே பறிக்காமல், முதலில் நீங்கள் வாசித்துப் பாருங்கள். பாடசாலை நூலகத்திலோ பொது நூலகத்திலோ ஆசிரியரின் ஆலோசனையுடன் நல்லதைத் தேர்ந்துகொடுங்கள். பின்னர் இரவுச் சாப்பாட்டின்போது, "அந்தப் பையன் செய்தது சரியா, மகன்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

பதில் வரும்போது குறுக்கே பேசாதீர்கள். உங்கள் பிள்ளை அப்போது தன்னைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கக்கூடும்.