புண்ணாக்குக்குப் பயப்படும் கொசு

யூரியா போட்ட நடவு வயலில் பயிரோடு சேர்ந்து கொசுப் புழுவும் செழிக்கிறது. மதுரைப் பக்கத்து ஆராய்ச்சியில் தெரியவந்த சேதி இது. அந்தப் புழுக்களில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் இனங்களும் உண்டு. கொக்கு, நாரை, பன்றி உடம்பில் பெருகும் வைரஸைக் குழந்தைகளிடம் கொண்டுவந்து சேர்ப்பவை அவைதான். டெங்கு கொசு என்றால் தொட்டியைக் கவிழ்க்கலாம், டயரை அப்புறப்படுத்தலாம். கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர் கட்டிய வயலை எங்கே கவிழ்ப்பது?

1990களின் தொடக்கத்தில் மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் வேப்பம் புண்ணாக்கைக் கையில் எடுத்தார்கள். கொட்டையை ஆட்டி எண்ணெய் வடித்தபின் மிஞ்சும் சக்கை அது. எண்ணெய் போனாலும் அசாடிராக்டின் கொஞ்சம் அதிலேயே தங்கிவிடுகிறது. பட்டவுடன் கொல்லும் நஞ்சல்ல இது. தோலுரிப்பை நடத்தும் ஹார்மோனைக் குழப்பிவிடும். புழு பழைய தோலைக் கழற்றவும் முடியாமல், அடுத்த பருவத்துக்குப் போகவும் முடியாமல் சாகும். ஹெக்டேருக்கு 500 கிலோ போட்ட வயல்களில் முதிர்ந்த புழுவும் கூட்டுப்புழுவும் வெகுவாகக் குறைந்தன. புண்ணாக்கை யூரியாவில் பூசிப் போட்டார்கள், இடையிடையே தண்ணீரை வடித்தும் பார்த்தார்கள். இரண்டும் கைகொடுத்தன.

யூரியாவோடு புண்ணாக்கைச் சேர்ப்பது விவசாயிக்கு ஒன்றும் புதிதல்ல. யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4, புண்ணாக்கு 1 என்று கலந்து, ஓர் இரவு வைத்திருந்து தூவச் சொல்லி வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. தழைச்சத்து வீணாகாமல் மெல்லப் பயிருக்குப் போகட்டும் என்பது அதன் கணக்கு. கொசு அந்தக் கணக்கில் கிடையாது. புண்ணாக்கின் அளவும் சொற்பம். உள்நாட்டு யூரியா முழுவதும் 2015 முதல் வேம்பு பூசித்தானே வருகிறது என்று கேட்கலாம். அது மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, உரத்துக்காகப் பூசுவது. ஏக்கருக்கு 200 கிலோ புண்ணாக்கு செய்யும் வேலையை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

அந்த 200 கிலோவை யார் காசில் வாங்குவது? விளைச்சல் கூடும் என்றால் விவசாயி வாங்குவார். அடுத்த தெருக் குழந்தைக்குக் காய்ச்சல் வராமலிருக்க அவர் மட்டும் ஏன் கைக்காசைப் போட வேண்டும்? புகை மருந்துக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கைப் புண்ணாக்கு மானியமாகத் தரலாம் என்பது என் கட்சி. ஆனால் வெயில் பட்டால் அசாடிராக்டின் சீக்கிரம் சிதைந்துவிடும். களத்தில் காயக் கிடந்த பழைய சரக்கை மூட்டை கட்டிக் கொடுத்தால் மானியம்தான் செலவாகும். புதிதாக ஆட்டியதாக இருக்க வேண்டும். நடவு முடிந்த முதல் வாரங்களிலேயே அது வயலுக்கு வந்து சேரவும் வேண்டும்.