மாடத்தில் தூங்கும் மாத்திரை

ஏழாம் மாதம் வளைகாப்பு. கை நிறைய வளையல் போட்டு, பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவார்கள். திருவாடானைப் பக்கத்திலும் தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதுதான் வழக்கம். சென்னையில் வாழ்க்கைப்பட்டவள்கூட ஊருக்கு வந்துவிடுவாள்.

வந்தவளிடம் அம்மா என்ன கேட்பாள்? "மாமியார் எப்படி நடத்துகிறாள்? மாப்பிள்ளை நன்றாகக் கவனிக்கிறாரா?"

இன்னொன்றும் கேட்க வேண்டும். "சத்து மாத்திரையைத் தினமும் விழுங்கினாயா?"

இரும்புச் சத்து மாத்திரையை அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். வாங்கி வருகிறார்கள். ஆனால் மாத்திரை மாடத்தில் தூங்குகிறது.

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ரத்தசோகை. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு தரும் கணக்கு இது.

உயிருக்கு ஆபத்து

கர்ப்ப காலத்தில் உடம்பில் ரத்தம் ஒன்றரை மடங்கு வரை பெருகுகிறது. வயிற்றில் உள்ள பிள்ளைக்கும் இரும்பு போக வேண்டும். தாயின் கையிருப்பு போதாது.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை. 7-க்குக் கீழே போனால் கடும் சோகை. பிரசவத்தில் எல்லோருக்கும் ரத்தம் போகும். நல்ல உடம்பு தாங்கிக்கொள்ளும். சோகை பிடித்த உடம்பு தாங்காது. தாய் உயிருக்கே மோசம் வந்துவிடும்.

வீண் பயம்

மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். அதைக் கண்டு பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. பயப்பட ஒன்றும் இல்லை. பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று பாட்டிமார் வேறு கிளப்பிவிடுவார்கள். மாத்திரைக்கும் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை. (கறுப்பாகப் பிறந்தால்தான் என்ன?)

நான்காம் மாதம் முதல் தினம் ஒன்று. பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்கலாம். டீ, காப்பியோடு கூடாது. கால்சியம் மாத்திரையை வேறு வேளையில் சாப்பிட வேண்டும்.

பம்பாயில் கண்ட வைத்தியம்

இந்த மாத்திரையில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. அதன் கதை சுவையானது.

1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். அங்கே மில் தொழிலாளிப் பெண்கள் கர்ப்ப காலத்தில் ஒரு வகைச் சோகையால் அவதிப்பட்டார்கள். ஈஸ்டிலிருந்து செய்த 'மார்மைட்' என்ற மலிவான பண்டத்தைக் கொடுத்துப் பார்த்தார். சோகை தெளிந்தது! 1931-ல் அதை எழுதி வெளியிட்டார். சோகையைத் தீர்த்தது ஃபோலிக் அமிலம் என்பது பின்னால் தெரிந்தது.

தட்டில் என்ன?

வானம் பார்த்த பூமியிலும் முருங்கை தழைக்கும். அந்தக் கீரை, கேழ்வரகு, தொண்டிக் கடல் மீன், முட்டை எல்லாம் நல்லது. நெல்லிக்காயும் எலுமிச்சையும் இரும்பு உடம்பில் சேர உதவும். "நிறையச் சாப்பிட்டால் பிள்ளைக்கு இடம் இராது" என்று வயிற்றைக் கட்டுவது கொடுமை.

அட்டை எங்கே?

தாய் வீட்டுக்கு வரும்போது கர்ப்பிணியின் பரிசோதனை அட்டையும் கூடவே வர வேண்டும். அதைப் பார்த்தால்தான் இங்குள்ள டாக்டருக்கு ரத்த அளவும் ரத்த அழுத்தமும் முன்பு எப்படி இருந்தன என்று தெரியும். மாதந்தோறும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளை இலவசமாகப் பரிசோதிக்கும் திட்டம் 2016 முதல் நடக்கிறது.

ரத்தம் பட்டாலோ, முகம் வீங்கினாலோ, கடும் தலைவலியோடு கண் மங்கினாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, விடியட்டும் என்று இருக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்தால் வண்டி வரும். கட்டணம் கிடையாது.