ரேஸ் டயரும் மழை ரோடும்: உங்களுக்குத் தெரியுமா?

ஐப்பசி பிறந்தால் விருத்தாசலம் பக்கம் ரோடு எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "ரேஸ் டயர் போட்டிருக்கேன் அண்ணே, பேய் மாதிரி ஒட்டும்" என்கிற தம்பிகளுக்காக இந்த வாரத் துணுக்குகள்.

◆ ரேஸ் கார்களின் 'ஸ்லிக்' டயரில் பள்ளமே இருக்காது. காய்ந்த தரையை ரப்பர் எவ்வளவு அதிகம் தொடுகிறதோ அவ்வளவு பிடிப்பு என்பதால் மொட்டையாகவே வார்க்கிறார்கள். நம் டயரில் உள்ள பள்ளங்கள் தண்ணீர் வெளியேறுவதற்கான வாய்க்கால்கள். மழை பிடித்துவிட்டால், காசைக் கொட்டி வாங்கிய ஸ்லிக்கும் ஓடித் தேய்ந்த மொட்டை டயரும் ஒரே ரகம்தான்.

◆ தேங்கிய தண்ணீர்மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்குக் கணக்கே உண்டு. 1960-களில் விமானச் சக்கரங்களைச் சோதித்து நாசா பொறியாளர்கள் சொன்னது. டயரின் காற்றழுத்தத்தை பி.எஸ்.ஐ. அளவில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 16.7-ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரும். 32 பி.எஸ்.ஐ. என்றால் சுமார் 94 கி.மீ.; 24 என்றால் 82 தான். பள்ளம் ஆழமாக உள்ள டயர் இதைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும். மொட்டை டயருக்கு அந்தச் சலுகை இல்லை. போதாக்குறைக்கு, ரேஸ் டயரில் காற்றையும் குறைத்தே வைப்பார்கள்.

முகம் வளைந்த பைக் டயர் இவ்வளவு சுலபமாக மிதக்காது. பைக்கை வழுக்கி விழச் செய்வது பெரும்பாலும், முதல் மழையில் எண்ணெயும் தூசியும் குழைந்து கிடக்கும் சேறு. களிமண் லாரி போகிற ஊரில் அந்தச் சேற்றுக்குப் பஞ்சமா?

◆ ரேஸ் ரப்பர் சூடேறினால்தான் ஒட்டும். தோராயமாக 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதனால்தான் ஃபார்முலா 1-ல் மின்போர்வை சுற்றிச் சூடாக்கிய பிறகு டயரை மாட்டுகிறார்கள். ஈர ரோடு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். ஜங்ஷனிலிருந்து மணிமுத்தாற்றுப் பாலத்துக்குப் போகிற வேகத்தில் அந்தச் சூடு எங்கிருந்து வரும்?

◆ சரி, மழைக்கென்றே ரேஸ் டயர் இருக்கிறதே? இருக்கிறது. பிரெல்லியின் ஃபார்முலா 1 மழை டயர் ஒன்று, 300 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரை வாரி வீசும். ஆனால் மழை விட்டு ரோடு காய்ந்ததும், மிருதுவான அந்த ரப்பர் கொதித்துப் பிய்ந்துபோகும். ஓட்டுநர்கள் ஈரமான பக்கமாகத் தேடித் தேடி ஓட்டுவது அதைக் குளிர வைக்கத்தான்.

◆ பீங்கான் ஊரான நம் விருத்தாசலத்துக்கு ஒரு சொந்தச் செய்தி. பீங்கான் கலவையில் சேரும் சிலிக்காவுக்கு டயரிலும் வேலை உண்டு. வேதிமுறையில் நுண்பொடியாகத் தயாரித்த சிலிக்காவை ரப்பரில் கலந்து, 1990-களின் தொடக்கத்தில் மிஷெலின் தெருவுக்கான டயர்களைக் கொண்டுவந்தது. எரிபொருள் மிச்சமானது, ஈரப் பிடிப்பும் குறையவில்லை. மழையில் உங்களைக் காப்பது அந்தச் சாதா டயர்தான். ரேஸ் டயர் அல்ல.

◆ சென்னை தீவுத்திடலைச் சுற்றி 2023 டிசம்பரில் நடக்கவிருந்த ஃபார்முலா 4 பந்தயத்தை மிக்ஜாம் புயல் தள்ளிப்போட்டது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் இரவு விளக்கொளியில் நடந்தேறியது. அண்ணா சாலை, நேப்பியர் பாலம் என்று நாம் பஸ்ஸில் போகிற ரோடுதான். ஆனால் அன்றைக்குப் போக்குவரத்தை நிறுத்தி, இருபுறமும் தடுப்பு வைத்திருந்தார்கள். எதிரே கரும்பு டிராக்டர் வராது.

◆ பக்கச்சுவரில் 'என்.ஹெச்.எஸ்.' என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால், அந்த டயர் நெடுஞ்சாலைக்கு உரியதல்ல என்று தயாரித்தவரே சொல்லிவிட்டார். சட்டமும் அதையேதான் சொல்கிறது. 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94-வது விதிப்படி டயர் பள்ளத்தின் ஆழம் இரு, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8 மி.மீ., மற்றவற்றுக்கு 1.6 மி.மீ. ஆவது இருக்க வேண்டும். பள்ளமே இல்லாத ஸ்லிக் எதில் சேரும்? தெருவில் ஓட்ட அனுமதியுள்ள 'செமி ஸ்லிக்' வகைகளிலும் பள்ளங்கள் சொற்பம். தேங்கிய தண்ணீரைக் கண்டால் அவையும் திணறும்.

◆ பொருந்தாத டயரென்றால் ரேஸ்காரர்களே ஓட மாட்டார்கள். 2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ். சாய்வான கடைசி வளைவைத் தங்கள் டயர் தாங்காது என்று மிஷெலின் சொன்னதால், 20 கார்களில் 14 தொடக்கத்திலேயே விலகிக்கொண்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயரில் ஓடிய ஆறு கார்களில் ஒன்று நம் நாராயண் கார்த்திகேயனுடையது. நான்காவதாக வந்து 5 புள்ளிகள் எடுத்தார். ஃபார்முலா 1-ல் இந்தியர் ஒருவர் எடுத்த புள்ளிகள் இன்றுவரை அவ்வளவுதான்.